மங்குக்குள் கேட்டதை ஏன் ரெக்கார்ட் பண்ணல?

இளையோருக்காக நான் எழுதிய மாயக்கதையின் எட்டாவது அத்தியாயத்தில் கடல்நாகம் வரும். அதை என் டியூஷன் வகுப்பில் வாசித்துக்கொண்டிருந்தபோதுதான் பின்வரிசைப் பையன் கேட்டான்: “டீச்சர், சுங்கை சிப்புட்ல ஏது கடல்?”

கதை சுங்கை சிப்புட்டில் நடக்கவில்லை, அது வேறோர் உலகம் என்றேன்.

“அப்புறம் ஏன் அங்க எல்லாரும் நாசி லெமாக் சாப்பிடறாங்க?”

நாசி லெமாக் எங்கள் ஊர்த் தேங்காய்ப்பால் சோறு. வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். அன்றிரவு அந்த 140 பக்கங்களையும் அலமாரியின் மேல்தட்டில் ஏற்றினேன். இன்றுவரை இறக்கவில்லை.

மலேசியாவில், ஈப்போவுக்கும் கோலாகங்சாருக்கும் நடுவில் இருக்கும் இந்த ஊரில், ஒரு கடைவீட்டு மாடியில் தமிழ் டியூஷன் நடத்துகிறேன். இடைநிலைப்பள்ளியில் படிவம் மூன்றிலிருந்து ஐந்து வரை படிக்கும் பிள்ளைகளுக்கு. கீழே மளிகைக்கடை; மழை பெய்தால் கருவாட்டு வாசம் மேலே ஏறிவரும். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷம் படித்த பிள்ளைகள் இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் தமிழில் கதை படிப்பதை விட்டுவிடுகிறார்கள். அவர்களுக்கு வேண்டிய மாயமெல்லாம் ஆங்கிலத்திலும் ஜப்பானியப் படக்கதைகளிலும் கிடைத்துவிடுகிறது. தமிழில் கைக்கு எட்டுவது ஒன்று குழந்தைக் கதை, இல்லாவிட்டால் பரீட்சைப் பாடநூல். நடுவில் எதையாவது எழுதிப் பார்ப்போமே என்று இறங்கி ஆறு வருஷம் ஆகிறது. இரண்டு கைப்பிரதி வீண். மூன்றாவது முடியும் நிலையில் இருக்கிறது. அந்த மூன்றாவதில் கற்றதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

கதை இதுதான். பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி. அவள் பாட்டிக்கு நாலு வயசாக இருந்தபோது, 1943ல், பாட்டியின் அப்பாவை ரப்பர் தோட்டத்திலிருந்து ஜப்பான்காரர்கள் சயாம்-பர்மா ரயில் பாதை போட ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். 415 கிலோமீட்டர் மரண ரயில். போனவர் திரும்பவில்லை. அவர் குரல் எப்படி இருந்தது என்று பாட்டிக்கு ஞாபகமில்லை. அது ஒன்றுதான் அவளுக்குக் குறை. அந்தக் குரலைப் பேத்தி எப்படியாவது கேட்டுவிட வேண்டும்.

முதலில் நான் எழுதியது, தோட்டத்தில் நிற்கும் பால் மரம், அதாவது ரப்பர் மரம் ஒன்று அந்தக் குரலை வைத்திருப்பதாக. உருக்கமாகத்தான் இருந்தது. அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அம்மா வாழ்க்கையின் பாதியைப் பால் வெட்டியே கழித்தவர். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், “அந்தக் காலத்து மரம் இன்னும் எங்கடி இருக்கு?” என்றார்.

வாயடைத்துப் போனேன். பால் மரத்துக்கு இருபத்தைந்து முப்பது வருஷம்தான் கணக்கு. அதற்குப் பிறகு பால் குறைந்துவிடும், சாய்த்துவிட்டு மறுநடவு செய்வார்கள். இங்கே பல தோட்டங்களில் மறுபடி பால் மரம்கூட வைக்கவில்லை, பாமாயில் எடுக்கும் செம்பனைதான். 1943ல் பால் வெட்டிய மரம் 1970ஐத் தாண்டியிருந்தாலே பெரிது. வகுப்பில் ஒரு பெண் எனக்கு உதவப் பார்த்தாள்: கோலாகங்சாரில் மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் 1877ல் வைத்த பால் மரம் இன்னும் நிற்கிறதே, அதை வைத்துக்கொள்ளலாமே என்று. நல்ல யோசனை. ஆனால் அது காட்சிக்கு நிற்கிற மரம். பாட்டியின் அப்பா விடியற்காலையில் அதன் அடியில் போய் என்ன பேசியிருப்பார்?

மரம் போனது, மங்கு வந்தது. வெட்டுப்பட்ட பட்டையிலிருந்து பால் சொட்டுச் சொட்டாக விழுமே, அந்தக் கிண்ணம். மரம் சாய்ந்தாலும் மங்கு சாகாது. எடுத்து அடுத்த மரத்தில் மாட்டிவிடுவார்கள். பழைய தோட்டத்து வீடுகளில் இன்றைக்கும் கோழிக்குத் தண்ணீர் வைக்கக் கிடக்கும். அம்மா வீட்டுக் கொல்லையில் பீங்கான் மங்கு ஒன்று உண்டு, அதில் பட்டுரோஜா வளர்கிறது. இடித்துப்போட்ட லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், என் பெண்ணுக்கு அப்படியொரு மங்கு கிடைக்கிறது. விடியுமுன் காதில் வைத்தால், எந்தக் காலத்திலோ அதன் பக்கத்தில் நின்று பேசியவர்களின் குரல் கேட்கிறது. மரத்தைவிட இது எத்தனையோ மேல். மரத்தை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது, பையில் ஒளிக்க முடியாது, கீழே போட்டு உடைக்கவும் முடியாது.

அதற்குப் பிறகு எழுதியதையெல்லாம் அம்மாவிடம் ஒருமுறை ஓட்டிவிடுவேன். நான் ஒருத்தியைப் பதினோரு மணி வெயிலில் பால் வெட்ட விட்டிருந்தேன். “அந்நேரத்துக்குப் பால் எங்க வரும்?” விடியற்காலையில் மரத்துக்குள் நீரின் அழுத்தம் கூடுதலாக இருக்கும், வெயில் ஏற ஏற அது இறங்கிவிடும்; அதனால்தான் இருட்டோடு தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு காட்டுக்குள் போனார்கள். மழையிலும் ஒருத்தி வெட்டிக்கொண்டிருந்தாள். பட்டை ஈரமாக இருந்தால் பால் வெட்டுக்கோட்டை விட்டு மரம் முழுக்க வழிந்து வீணாகும். மழை நாளில் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் அன்றைய சம்பளமும் இல்லை.

தப்பைத் திருத்தினேன் என்பதோடு இது நிற்கவில்லை. மங்கு எப்போது பேசும், எப்போது பேசாது என்று ஒரு சட்டம் எனக்குத் தேவைப்பட்டது. நானாக யோசித்து வைத்திருந்தவை பௌர்ணமி, அமாவாசை, வெள்ளிக்கிழமை. எல்லாம் ஏற்கெனவே யாரோ ஆயிரம் தடவை எழுதியது. அம்மா சொன்னதிலிருந்து சட்டம் தானாக வந்தது: விடியுமுன்தான் பேசும், ஏனென்றால் அப்போதுதான் ஆட்கள் மரத்தடியில் நின்றார்கள். மழை பெய்த நாட்களில் ஊமை, ஏனென்றால் அன்று யாரும் காட்டுக்கு வரவில்லை. இதை நான் வகுப்பில் விளக்கவேயில்லை. நாலாவது அத்தியாயத்தில் அவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள். கண்டுபிடித்த சந்தோஷத்தில் ஒருவன் மேசையில் தட்டினான். பதினைந்து வயது வாசகருக்கு அந்தத் தட்டலைத் தருவதைவிட எனக்குப் பெரிய வேலை இல்லை என்று இப்போது நினைக்கிறேன்.

அடுத்தது விலை. மங்கைக் காதில் வைக்கிறாள், கேட்கிறது, சரி. கொடுப்பது என்ன? ஒன்றுமில்லை என்றால் தினமும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருக்கலாம், கதை நகராது. சின்ன வயதில் பால் கொட்டகை வாசலில் அம்மாவுக்காகக் காத்திருந்தது ஞாபகம் வந்தது. ஒவ்வொருவர் வாளியும் நிறுவைக்குப் போகும். நிறுத்ததோடு விடமாட்டார்கள், பாலுக்குள் ஒரு கருவியை மிதக்கவிட்டுப் பார்ப்பார்கள். நூறு கிலோ பாலில் முப்பது, நாற்பது கிலோதான் ரப்பர், மீதி பெரும்பாலும் தண்ணீர். எடை கூட்ட யாராவது கூடுதலாகத் தண்ணீர் கலந்திருந்தால் அந்தக் கருவி காட்டிக்கொடுத்துவிடும். கணக்கெழுதும் கிராணி நோட்டில் எழுதுவார். அழுதாலும் கணக்கு மாறாது. அந்த நோட்டு என் மந்திரத்துக்கும் வேண்டும் என்று பட்டது.

ஆகவே: எத்தனை நிமிடம் மங்கில் கேட்கிறாளோ அத்தனை நாளைக்கு, அவளிடம் கடைசியாகப் பேசியவரின் குரல் அவளுக்குக் கேட்காது. உதடு அசையும், சத்தம் வராது.

வகுப்பில் இதைச் சொல்லி வாய் மூடவில்லை, “அப்போ முதல் நாள் ராத்திரி பிடிக்காத ஆளுகிட்டப் போய் பேசிட்டு வந்து கேட்கலாமே!” என்றான் ஒருவன். கணக்கு ஆசிரியரிடம் வேண்டுமென்றே திட்டு வாங்கிவிட்டு, பத்து நாள் அவர் குரலே கேட்காமல் நிம்மதியாக வகுப்பில் உட்கார்ந்திருக்கும் என் கதாநாயகி அவன் தந்தவள்தான். இரண்டு அத்தியாயம் அந்தக் குறும்பிலேயே ஓடியது. பிறகுதான் ஃபேக்டரியில் இரவு வேலையில் இருக்கும் அவள் அம்மா, ஓய்வு நேரத்தில் ஒருநாள் போன் செய்கிறாள். “சாப்பிட்டியா?” அவ்வளவுதான் பேச்சு. அடுத்த விடியலில்தான் பாட்டியின் அப்பா பேசுகிறார். இருபத்திரண்டு நிமிடம். இந்த இடத்தை வாசித்தபோது எவனும் போனைத் தொடவில்லை.

போன் என்றதும் தலைப்பில் உள்ள கேள்விக்கு வருகிறேன். “மங்குக்குள்ள கேட்டதை ஏன் ரெக்கார்ட் பண்ணல டீச்சர்?” முன்வரிசையில் இருக்கும் பெண், எப்போதும் அமைதியாக இருப்பவள். நான் சமாளித்தேன்: ரெக்கார்ட் ஆகாது, வெறும் இரைச்சல்தான் வரும். “அது சீட்டிங்.” ஒரே வார்த்தை. சரியாகத்தான் சொன்னாள். இளையோர் கதையில் போனைத் தொலைக்கவைப்பது, சார்ஜ் தீரவைப்பது, லைன் கிடைக்காமல் செய்வது எல்லாம் எழுதுகிறவரின் சோம்பேறித்தனம். அந்தப் பிள்ளைகள் பார்த்தவுடன் பிடித்துவிடுவார்கள். ஒரு வாரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவளை ரெக்கார்ட் செய்ய விட்டேன். போட்டுக் கேட்கிறாள். அதில் இருப்பது அவள் குரல். அவள் வாயிலிருந்துதான் அத்தனை பேச்சும் வந்திருக்கிறது, அவளுக்குத் தெரியாத பழைய தோட்டத்துத் தமிழில். இருட்டில் இவள் பேசிக்கொண்டிருக்க, பக்கத்து அறையில் படுத்திருக்கும் பாட்டி தூக்கத்தில், “என்னப்பா?” என்று பதில் சொல்வதும் அந்தப் பதிவில் விழுந்திருக்கிறது.

நாவலிலேயே நல்ல இடம் அதுதான் என்று படித்த எல்லாரும் சொல்கிறார்கள். ‘சீட்டிங்’ என்ற ஒரு சொல்லுக்கு நான் கொடுத்த பதில் அது. யாராவது கதையில் ஓட்டை காட்டினால் அதைப் பூசி மறைக்காமல், அந்த ஓட்டைக்குள்ளேயே இறங்கிப் பாருங்கள் என்பேன்.

சின்னச் சின்ன நடைமுறைகளும் இப்படித்தான். டவுனில் இருக்கும் பெண் விடியற்காலை நாலரைக்குத் தோட்டத்துக்கு எப்படிப் போவாள்? நான் மோட்டார் சைக்கிளில் ஏற்றியிருந்தேன். பதினாறு வயதாகாமல் லைசன்ஸ் கிடையாது என்று மூன்று பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள் (அந்த மூவரில் இரண்டு பேர் லைசன்ஸ் இல்லாமல் ஓட்டுகிறவர்கள் என்பது வேறு விஷயம்). சைக்கிள் ஆனது. அம்மாவின் ஃபேக்டரி பஸ் ஏழரைக்கு வந்து இறக்கிவிடும், அதற்குள் வீட்டுப் படுக்கையில் இருந்தாக வேண்டும். ஒரு சைக்கிள், ஒரு பஸ், மூன்று மணி நேரம். என் கடல்நாகத்தால் உண்டாக்க முடியாத பதற்றத்தை அந்த ஃபேக்டரி பஸ் உண்டாக்கிவிட்டது.

நேரத்தைப் பற்றி இன்னொன்று. மங்கில் ஒரு குரல், “ஆறு மணிக்கெல்லாம் லாரி வந்துரும்” என்கிறது. பெண் ஆறு மணிவரை காத்திருக்கிறாள். இதைச் சரிபார்க்கப் போனபோதுதான் உறைத்தது: ஜப்பான்காரன் காலத்தில் மலாயாவின் கடிகாரங்களைத் தோக்கியோ நேரத்துக்கு மாற்றிவிட்டார்கள். அது இன்றைய நம் நேரத்தைவிட ஒரு மணி நேரம் முன்னால். அன்றைய ஆறு, இன்றைய ஐந்து. அப்படியென்றால் அவள் ஆறு மணிக்கு மங்கைக் காதில் வைக்கும்போது லாரி வந்து, ஆட்களை ஏற்றி, போய் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். எழுந்து நின்றுவிட்டேன், நாற்காலி பின்னால் சாய்ந்தது. இப்படியொரு திருப்பத்தை மண்டையைக் கசக்கினாலும் என்னால் உண்டாக்கியிருக்க முடியாது. இப்போதெல்லாம் மாயத்தில் சிக்கிக்கொண்டால் புது மாயம் தேடுவதில்லை. அந்த வருஷத்தில் அரிசி எப்படிக் கிடைத்தது, மணி எப்படிப் பார்த்தார்கள் என்று தேடுகிறேன்.

ஆனால் உண்மை என்பதாலேயே நம்பிவிடுவார்கள் என்றும் இல்லை. ஒரு அத்தியாயத்தில் என் அம்மா செய்த வேலையை அப்படியே எழுதினேன். செம்பனை வந்த புதிதில் பூவில் மகரந்தம் சேர்க்க ஆள் போட்டார்கள். பெண்கள் மரம் மரமாகப் போய் முகப்பவுடர் மாதிரி ஒரு தூளில் கலந்த மகரந்தத்தைப் பூவுக்குள் ஊதிவிட்டு வருவார்கள். 1981ல் ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து கொண்டுவந்த ஒரு சின்ன வண்டைத் தோட்டங்களில் பறக்கவிட்டார்கள், வண்டு அந்த வேலையைப் பார்த்துக்கொண்டது, அம்மாக்களுக்கு அந்த வேலை இல்லாமல் போனது. வகுப்பில் ஒருவரும் நம்பவில்லை. “ரொம்ப ஓவர் டீச்சர்.” கிண்ணத்துக்குள் செத்தவர் பேசுவதை நம்பினவர்கள், வண்டு வந்து அம்மாவின் வேலையைப் பிடுங்கியதை நம்ப மறுத்தார்கள்!

யோசித்துப் பார்த்தால் தவறு என்னுடையது. தகவலைத் தகவலாகவே கொட்டியிருந்தேன். திருப்பி எழுதியபோது வருஷத்தையும் நாட்டையும் எடுத்துவிட்டேன். அம்மா வேலை முடிந்து வருகிறாள், புருவமெல்லாம் மஞ்சள் தூள், தும்மிக்கொண்டே சோறு போடுகிறாள். ஒருநாள் தும்மாமல் வருகிறாள், வேலை நின்றுவிட்டது. நம்பினார்கள். இதே மாதிரி, இரவில் செம்பனைக்குள்ளிருந்து சத்தமேயில்லாமல் வெள்ளையாக ஒன்று பறந்து வரும் இடம். பிள்ளைகள் அதைப் பேய் என்றே முடிவு கட்டினார்கள். அது கூகை. எலியைப் பிடிக்கத் தோட்டத்தில் கம்பத்தில் பெட்டி அடித்துக் கூகை வளர்ப்பது உண்டு. நான் விளக்கம் சொல்லவில்லை. மூன்று பக்கம் தள்ளி, அவள் சைக்கிளில் போகும்போது அந்தப் பெட்டியைப் பகலில் பார்ப்பாள், அவ்வளவுதான்.

மொழியில்தான் அதிகம் திண்டாடினேன், இன்னும் திண்டாடுகிறேன். என் முதல் பிரதியில் பதினைந்து வயதுப் பிள்ளைகள், “நாம் எங்கே செல்லலாம்?” என்று பேசிக்கொண்டார்கள். வாசிக்கும்போது எனக்கே கூசியது. அடுத்த பிரதியில் ‘லா’வும் ‘மச்சா’வும் ‘அலாமா’வும் வரிக்கு வரி போட்டேன்; அதைக் கேட்டுப் பிள்ளைகளுக்குக் கூசியது. இப்போது என் வழக்கம், பேச்சில் அந்த இடத்துக்கு ஒரு சொல் போதும், மீதியைச் சாதாரணப் பேச்சுத் தமிழில் விடுவது. பழைய தோட்டத்துச் சொற்களை நீக்கவே மாட்டேன்: பெரட்டு, மண்டோர், நிரை, ஒட்டுப்பால். அடைப்புக்குறிக்குள் பொருளும் போடுவதில்லை. ‘பெரட்டு மணி அடித்தது. கொண்டையை முடிந்துகொண்டே அம்மா ஓடினாள், இன்றைக்கும் பெயர் போனால் வேலை இல்லை.’ பெரட்டு என்றால் என்ன என்று அதற்குப் பிறகு யாரும் கேட்டதில்லை.

முனியாண்டியை எப்படிக் கையாள்வது என்பது தனிச் சிக்கல். தோட்டம் என்றால் எல்லையில் முனி இருப்பார், இல்லாமல் எழுத முடியாது. நான் ஒரு இடத்தில் அவரைக் குதிரையில் வரவழைத்து அவளைக் காப்பாற்ற வைத்தேன். ஒரு மாணவனின் அம்மா என்னைச் சந்தையில் பார்த்து, “சாமிய வச்சு வெளையாடாதீங்க டீச்சர்” என்றார். பக்தியால் சொன்னார், ஆனால் கதைக்கும் அது பொருந்தியது. சாமி வந்து தீர்த்துவிட்டால் அவள் எதற்கு? இப்போது முனி கோயிலில் எலுமிச்சம்பழமும் அணைந்த சுருட்டும் இருக்கின்றன. அவள் அந்த வழியே போகும்போது சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போவாள். அங்கே வேறு எதுவும் நடக்காது. எனக்கு அதுவே போதும் என்று தோன்றுகிறது.

பெரியவர்கள் தீர்த்துவைப்பதும் அப்படித்தான். ஒரு போட்டிக்கு இந்த நாவலின் முதல் பாதியை அனுப்பியிருந்தேன். ‘மாணவர்களுக்கான நீதி தெளிவாக இல்லை’ என்ற குறிப்போடு திரும்பி வந்தது. இரண்டு நாள் கோபம். மூன்றாம் நாள் ஒரு ஆசிரியை பாத்திரத்தைச் சேர்த்து, கடைசியில் ‘முன்னோரின் தியாகம்’ பற்றிப் பேச வைத்துப் பார்த்தேன். அந்தப் பக்கத்தை வாசிக்கத் தொடங்கிய கணமே வகுப்பில் ஐந்து கைகள் போனுக்குப் போயின. பக்கத்தின் ஓரத்தில் ஐந்து கோடு போட்டு, அப்படியே நீக்கிவிட்டேன்.

அந்தக் கோடுதான் என்னுடைய ஒரே கருவி. சனிக்கிழமை வகுப்பு முடிந்து கடைசி இருபது நிமிடம் வாசிப்பேன். எப்படி இருக்கிறது என்று கேட்கமாட்டேன். கேட்டால் “நல்லாருக்கு டீச்சர்” என்பார்கள், மரியாதைக்கு. எந்த வரியில் கை போனுக்குப் போகிறது என்று பார்த்து ஓரத்தில் ஒரு கோடு. மூன்று கோடு விழுந்த பத்தி வீட்டுக்குப் போனதும் காலி. என் மனதுக்குப் பிடித்த வர்ணனைகள்தான் அதிகம் செத்தவை. சுண்ணாம்புக் குன்றுகள்மேல் பனி இறங்குவதைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். ஏழு கோடு!

கடைசி அத்தியாயம்தான் இழுத்துக்கொண்டே போனது. அவள் குரலைக் கேட்டாயிற்று, பாட்டிக்கும் கேட்டாயிற்று, அம்மா வாயசைப்பதைப் பார்த்துக்கொண்டே இருபத்திரண்டு நாள் கழிக்க வேண்டும். மங்கை என்ன செய்வது? உடைத்துப் பார்த்தேன், ஆற்றில் விட்டுப் பார்த்தேன், கோயிலில் வைத்துப் பார்த்தேன். எதுவும் ஒட்டவில்லை. போன மாதம் அம்மாவிடம் வாசித்துக் காட்டியபோது, முடிவைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. வேறொன்று கேட்டார்.

“ஏண்டி, அந்தப் பொண்ணு கேட்டு முடிச்சதும் மங்கக் கவுத்து வைக்கமாட்டாளா? பால் எடுத்துட்டா கவுத்துத்தானே வைப்போம். இல்லன்னா மழத்தண்ணி நிக்கும்.”

பன்னிரண்டு அத்தியாயத்திலும் அவள் மங்கை நிமிர்த்தியே வைத்திருக்கிறாள். ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டு வருகிறேன். கடைசி அத்தியாயத்தில் அவள் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கூடத்துக்கு வருகிறாள். வாசலில் ஃபேக்டரி பஸ்ஸின் கதவு திறக்கிறது.